மகள் வீட்டுக் காணியும் பத்திரிகைப் பட்டமும்

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் உம்மாவும், அவர் 'நானா' என்று அழைத்த அண்ணனும் இருந்தார்கள். உம்மாவின் மகளுடைய பத்திரிகைப் படிப்பைப் பற்றித்தான் பேச்சு; அந்த மகள் பஸ்ஸில் இல்லை. அவள் கொழும்பில் இருந்தாள்.

"தில்லையடில ஒரு நிருபரக் கண்டு விசாரிச்சன். சம்பளம் இல்லயாம். செய்தி அச்சில வந்தாத்தான் காசு, ஒண்டுக்கு முந்நூறு ரூபா," என்றார் நானா.

"வராட்டி?"

"பஸ் காசும் கையால போகும். மரண அறிவித்தல் எடுத்துக் குடுத்தாத்தான் நல்ல கமிஷனாம்."

"எங்கட ஊர்ல ஆரு நானா அதக் காசு குடுத்துப் போடுற? மவுத்தானா பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல சொல்லுவாங்களே."

"அதத்தான் நானும் சொல்லுறன். இந்தப் பட்டத்துக்கு லெச்சக்கணக்குல கொட்டாம, சிமெந்த வாங்கி அவள்ட வீட்டக் கட்டு. வீடில்லாத பொண்ண ஆரு கேட்டு வருவாங்க?"

"வராட்டி அதையும் ஒரு செய்தியா எழுதட்டும்."

"எழுதினா முந்நூறு ரூபா!"

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் பேசுவதே அபூர்வம். அதனால் அந்த உம்மா அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் நானே முன் சீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

"வீட்டுக் காணிய வித்துட்டன் நானா. போன கிழமையே படிப்புக்குக் கட்டியாச்சு."

ஓடும் பஸ்ஸில் நானா எழும்பியே விட்டார்.

"யா அல்லாஹ்! வாப்பா உன்ட பேருக்கு எழுதின காணியையா? மிச்சம் எவ்வளவு ஈக்கி?"

"மிச்சம் ஒண்டுமில்ல. பதினாலு லெச்சமும் கட்டியாச்சு."