ஆண்டியின் மாற்று ஓஸ்

உச்சிவேளை. சித்திரை வெயில். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் புதுச்சத்திரம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு... ஒரு காக்கை இல்லை.

ராத்திரிக் கதைக்குப் பட்டப்பகலா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்னவன் பேயைப் பார்க்காதவன். கார் கொதிப்பது உச்சியில்தான். வந்தவருக்கும் அதுதான் தோதுப்பட்டது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவுப் பக்கம் இருக்கிறவர் அங்கேயே இருக்கலாம்... யாராவது ஒருத்தர் இருக்கத்தானே வேண்டும்.

நடந்தது என் சிநேகிதன் தேவநாதனின் மச்சான் சின்னையனுக்கு. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன வருஷத்துக் கோடை. சின்னையன் கடலூர் முதுநகர் முந்திரி வியாபாரி ரஹ்மத்துல்லா ராவுத்தரின் சின்ன ஸ்டாண்டர்டு காருக்கு டிரைவர். அவனுக்கு முன்னால் ஓட்டியவர் ஆண்டி. தை மாதம் காய்ச்சலில் போய்விட்டார். செத்துப்போனாரே தவிர, வண்டியை விட்டு இறங்கவில்லை. அதுதான் சின்னையனுக்கு வயிற்றெரிச்சல்.

"ஆண்டி இருந்தவரைக்கும் வண்டி ஒருநாளும் கொதிச்சதில்லப்பா" என்பார் ராவுத்தர். பிரேக் போட்டால், "ஆண்டி போட்டா மடியில வச்ச டீ சிந்தாது." வீட்டம்மா ஆசியா உம்மாளோ, "ஆண்டிக்கு சர்க்கரை ஜாஸ்தி போடணும்" என்று சொல்லிக்கொண்டே இவன் டம்ளரில் அள்ளிப் போடுவார். உயிரோடு இருக்கிறவன் மேல் பொறாமைப்பட்டால் சட்டையைப் பிடித்துச் சண்டையாவது போடலாம். செத்தவனை எங்கே போய்ப் பிடிப்பது? டிரைவர் சீட்டில் விழுந்திருந்த பள்ளத்தைக்கூடச் சின்னையன் முறைப்பான். அது ஆண்டி உட்கார்ந்த பள்ளம்.

ஆண்டிக்கு ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை முதலாளி தொழுகைக்கு உள்ளே போனதும், பள்ளிவாசல் வேப்பமர நிழலில் பானட்டைத் தூக்குவார். ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிற ரப்பர் ஓஸ், மேலே ஒன்று, கீழே ஒன்று. கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அமுக்கிப் பார்ப்பார், வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி. நன்றாக இருந்தால் பேசமாட்டார். நைந்திருந்தால் நாக்கால் ஒரே ஒரு 'ம்ச்'. அன்றைக்கே கழற்றி எறிந்துவிடுவார். மாற்று ஓஸ் சீட்டுக்கு அடியில் தயாராக இருக்கும்... ரப்பர் ஒட்டாமலிருக்க முகப்பவுடர் தூவி, நடுவில் சிவப்புத் துணி முடிச்சுப் போட்டு.

அந்த மாற்று ஓஸைச் சின்னையன் ஒருநாள் கண்டெடுத்தான். பவுடர் வாசனை மூக்கில் ஏற, முடிச்சோடு உப்பனாற்றில் வீசினான்.

பங்குனியில் வண்டி கொதித்தது. பட்டறை பழனிவேல் பார்த்துவிட்டு, "மேல் ஓஸ் நைஞ்சிடுச்சு மாமா. புதுசு போட்டுடுங்க. வாயில சோப்புத் தண்ணி தடவுனா வழுக்கிக்கிட்டு ஏறும். ஆண்டி அண்ணன் அப்படித்தான்..." என்றான்.

"ஏன், கிரீஸ் தடவுனா ஏறாதா?"

"ஏறும். ஏறி, ரப்பர் ஊறி, நடுரோட்டுல கழண்டுக்கும்."

"அதையும் பாக்குறேன்."

வேண்டுமென்றே தாராளமாகக் கிரீஸ் தடவி மாட்டினான். ஆண்டி செய்ததைச் செய்யக்கூடாது. அவ்வளவுதான் காரணம்.

ராவுத்தர் மகளுக்குப் பரங்கிப்பேட்டையில் சம்பந்தம் கூடிவந்தது. ஜவுளி எடுக்க அவர் காலை ரயிலிலேயே சிதம்பரம் போய்விட்டார். போகும்போது சொன்னார்: "ரெண்டு மணிக்கு வண்டி கீழவீதியில நிக்கணும். சம்பந்தி வீட்டு வாசல்ல நான் பஸ்ஸுல போய் எறங்க முடியாது. இன்னைக்கும் வழியில நிறுத்துன... சாவிய உம்மாகிட்ட குடுத்துட்டு வேற எடம் பாத்துக்க."

சவுக்குத் தோப்புக்கிட்ட... 'புஸ்ஸ்ஸ்'.

பானட் இடுக்கில் வெள்ளையாக ஆவி. தூக்கினான். கிரீஸில் ஊறிய ஓஸ் வாய் பிளந்து தொங்கியது. தண்ணீர் மொத்தமும் தாரில் கொதித்து ஓடியது. சின்னையன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். வேலை போச்சு. அதைவிட, "ஆண்டி இருந்தா..." என்று முதலாளி இழுக்கப்போகிற இழுப்பு காதில் கேட்டது.

"இப்ப சந்தோஷமாய்யா உனக்கு?" என்று வெறும் ரோட்டைப் பார்த்துக் கத்தினான்.

சவுக்கு ஒரு தரம் இரைந்தது... நின்றது.

தகர டின்னை எடுத்துக்கொண்டு தோப்புக்கு உள்ளே குட்டையைத் தேடிப் போனான். தண்ணீரோடு திரும்பியபோது, திறந்துவைத்துப் போன பானட் மூடியிருந்தது. டிரைவர் சீட்டில், பள்ளத்துக்கு நடுவே, கிழிந்த ஓஸ் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. பவுடர் வாசனை. அதோடு ஆற்றுச் சேற்று வாசனை.

பானட்டைத் தூக்கினான். மேல் ஓஸ் மாட்டி, கிளிப்பு இறுக்கியிருந்தது. நடுவில் சிவப்புத் துணி முடிச்சு. முடிச்சிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்... உப்பு. ரப்பரில் பொடிச் சிப்பி ஒன்று ஒட்டியிருந்தது.

நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். அவனுக்கு ரெண்டு மணிக்குக் கீழவீதி. குட்டைத் தண்ணீரை ஊற்றினான், கிளப்பினான். சூடு காட்டும் முள் அசையவே இல்லை.

ராவுத்தருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பானட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "அட, கச்சிதமா இருக்கே! யாருப்பா மாட்டுனது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'ஆண்டி' என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைதான் அவன் வாயில் வராதே.

"நாந்தான் மொதலாளி. ஆண்டிக்கெல்லாம் இந்த இறுக்கு வராதுங்க."

சிவப்பு முடிச்சிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்... நின்றது.

பரங்கிப்பேட்டையில் பிரியாணி, பேச்சுவார்த்தை, எல்லாம் சுகம். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ராவுத்தர் பின்சீட்டில் வாயைத் திறந்து குறட்டை. வண்டி தண்ணீர்போல ஓடியது. சவுக்குத் தோப்பு வந்தது. இனிமேல் நடந்ததைச் சின்னையன் அன்று ராத்திரியே தேவநாதனிடம் சொல்லிவிட்டான். நல்லவேளை... மறுநாள் கேட்டிருந்தால் சொல்ல ஆள் இல்லை.

முதலில் பவுடர் வாசனை. அப்புறம், சீட்டுக்குப் பின்னாலிருந்து, ஈரமாக இரண்டு விரல். ஒரு கட்டைவிரல், ஒரு சுட்டுவிரல். அவன் தொண்டைக்குழலின் இரண்டு பக்கமும் வந்து நின்றன. முரட்டுத்தனம் ஒன்றும் இல்லை. மெதுவாக ஒரு தரம் அமுக்கி... விட்டன.

அப்புறம் காதோரம், நாக்கால், ஒரே ஒரு 'ம்ச்'.