வெள்ளைக் கரை

கிபோஷிச் செடிக்கு உச்சிவெயில் ஆகாது, ஐயா. அதிலும் இலை ஓரத்தில் வெள்ளைக் கரை ஓடும் வகைக்கு ஆகவே ஆகாது. வெள்ளை முதலில் காய்ந்து காகிதம் போலாகிவிடும்.

எங்கள் வீட்டுச் செடி மலையிலிருந்து வந்தது. மிஸுகிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஓடைப் பக்கம் கண்டு, வேரோடு மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். "அம்மா, இதுக்கு யாரோ சுண்ணாம்புல கரை போட்டிருக்காங்க பாரு" என்றாள். வீட்டையொட்டி நின்ற பெரிய கெயாக்கி மரத்தின் நிழலில் வைத்தோம். பத்தொன்பது வயதில், பனியில் பேருந்து சறுக்கியதில், அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பதினான்கு வருடம் நான் பார்த்துக்கொண்டேன். விடியலில் நத்தை பொறுக்குவேன். இலைமக்குப் போடுவேன். நடுவில் முழுப் பச்சையாக ஒரு குருத்து கிளம்பினால் அடியோடு அறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மற்றதை அமுக்கிவிடும். எனக்கு அதில் கை நடுங்கியதில்லை.

போன ஜூலையில் என் தங்கை வீட்டுக்கு மூன்று நாள் போயிருந்தேன். திரும்பியபோது மரம் இல்லை. என் கணவர் குனிஜி ஆள் வைத்து வெட்டியிருந்தார்.

"அடுத்த பனிக்கு அது கூரை மேல விழுந்திருக்கும், தொகியே. நாம ரெண்டு பேரும் அடியில கிடந்திருப்போம்" என்றார்.

நியாயமான பேச்சுதான். நான் சண்டை போடவில்லை. இழுத்த கட்டைகள் செடியின் தலைமேல் போயிருந்தன. மிச்சத்தை ஆகஸ்ட் வெயில் பார்த்துக்கொண்டது. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு வைத்துவிட்டு நான் அடுப்படியில் தனியாகச் சாப்பிட்டேன்.

வசந்தத்தில் பனி கரைந்தது. மண்ணைத் தினமும் விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை.

எங்கள் ஊரில் காட்டுக் கிபோஷியின் இளங்குருத்தை எல்லோரும் சமைப்பார்கள். அதே சாயலில் ஒரு நச்சுச்செடியும் பக்கத்திலேயே முளைக்கும். வருடத்துக்கு ஒருவர் ஏமாந்து ஆஸ்பத்திரிக்குப் போவார். விசாரணைக்கு வந்த நீங்களும் தவறுதலாக நடந்தது என்றே எழுதினீர்கள். பெரிய மனது உங்களுக்கு. ஆனால் இருபத்தொரு வருடம் கிபோஷி வளர்த்தவளுக்கு வித்தியாசம் தெரியாதா?

பறித்து வந்த குருத்தை வேகவைத்து, மிசோ விழுது கலந்து அவருக்குப் பரிமாறினேன். எனக்கு வேறு கீரை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவை. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இந்த வருஷம் கொஞ்சம் கசக்குதே."

"முதல் குருத்து. அப்படித்தான் இருக்கும்."

"நீ செஞ்சா கசந்தாலும் இறங்கும்" என்று சிரித்து, கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கோவிச்சுக்காத. மரத்தை வெட்டுறதுக்கு முன்னாடி மிஸுகி செடியில ஒரு துண்டு பிரிச்சு எடுத்தேன். குளியலறைக்குப் பின்னால தொட்டியில இருக்கு. பொழைக்குமோ பொழைக்காதோன்னு சொல்லல. உனக்கு இன்னொரு தடவை அந்த வலி வேணாம்னு. இன்னிக்குக் காலையில இலை விரிஞ்சிருக்கு. போய்ப் பாரு."

தொலைபேசி அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. நான் அதைத் தாண்டித்தான் போனேன்.

வடக்குச் சுவரோரம், நல்ல நிழல். மூன்று இலை, சுற்றிலும் வெள்ளைக் கரை. மேல்மண் சரியாகத்தான் இருந்தது, கைவைத்துப் பார்த்தேன். வைக்கோல்கூடப் போட்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

உள்ளே பாத்திரம் உருண்டது. பிறகு என் பெயரைக் கூப்பிட்டார். பிறகு மகள் பெயரை. பிறகு மறுபடி என் பெயரை.

தோட்டத்தில் இருந்தேன், காதில் விழவில்லை என்று உங்களிடம் அன்று சொன்னேன். விழுந்தது, ஐயா. ஒவ்வொரு தடவையும் விழுந்தது.