சோற்றுக்குள் வைத்த வயர்

யுத்த காலம் அது. வத்தேகமயிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கம்ப்யூட்டர் படிக்கிற பெண் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள்.

"வயரைச் சோத்துக்குள்ள வச்சிட்டேன்டி" என்றாள் ஜன்னலோரத்துப் பிள்ளை.

"எந்த வயரு?"

"இன்னைக்குப் பரீட்சைக்குத்தான். ரெண்டு கம்ப்யூட்டரைச் சேத்துக் காட்டணுமே. வயரு கொண்டு வராட்டி பெயிலுன்னு சேர் சொன்னாருல்ல. செக் பொயின்டுல கண்டா புடுங்கிருவாங்கன்னு பயந்து வச்சேன்."

"லூசு. கையில இருந்தா அது வயரு. சோத்துக்குள்ள இருந்தா குண்டுன்னுதான் நெனைப்பாங்க. வெளிய எடுடி."

அவள் மடியில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, பொலித்தீனில் சுற்றியிருந்த நீல வயரை இழுத்தெடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

செக் பொயின்டில் எல்லோரும் இறங்கி, பையைத் திறந்தபடி வரிசையில் நடந்தோம். ஆமிக்காரர் வயரைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் கிளாஸ், மாத்தயா" என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னாள்.

சரியென்று தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். சோற்றின் நடுவே பெரிய குழி. அதைத்தான் நெடுநேரம் பார்த்தார். ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டச் சொன்னார். அவள் ரோட்டில் நின்றபடியே சாப்பிட்டாள்.

பஸ் கிளம்பியதும் மற்றவள் கேட்டாள். "வயர விட்டுட்டுச் சோத்தப் போய் சந்தேகப்படுறாரு. பயந்துட்டியா?"

"அதுக்கில்லடி. அம்மா பருப்புக்கு உப்பே போடல்ல. மூஞ்சியச் சுளிச்சா நஞ்சுன்னு நெனைச்சிருவாருன்னு சிரிச்சிக்கிட்டே முழுங்கினேன்."