எட்டுச் சுருள்

தைக்கிற நேரத்தைவிட ஊசியைத் தேடுகிற நேரம்தான் அதிகம், பெரியதனக்காரரே. ஒரு சதுரத்தில் பாதி ஓடியிருக்கும், அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். ஊசியைக் கைக்கு எட்டியதில் குத்திவிட்டு எழுந்து போக வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்தால் அது பாயில் இருக்கிறதா, கூரை ஓலையில் இருக்கிறதா, என் முந்தானையிலேயே இருக்கிறதா என்று தெரியாது. என் ஆயுளில் பாதி அப்படித்தான் போனது. முதலிலிருந்து சொல் என்றீர்கள். எனக்கு முதல் என்பது இதுதான்.

என் வீட்டில் ஒரே சமயத்தில் ஐந்து போர்வைகள் தைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஆள் விட்டுச் சோதித்தபோது நான்குதான் கிடைத்தன. அந்த நான்கும் கோட்டையில் இருக்கும் உலாந்தாக்காரத் துரைகளுக்கு. இந்தச் சூட்டில் துரைசாணிகளுக்குப் போர்வை எதற்கு என்று தரகரிடம் ஒருமுறை கேட்டேன். அவர்கள் ஊரில் தண்ணீர் கல்லாகிவிடும் அளவுக்குக் குளிர் என்றார். தண்ணீர் கல்லாவதைப் பற்றி யோசித்துக்கொண்டே அன்று ஒரு வரிசையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

சாயவேர்ச் சிவப்பு நூல் தீர்ந்துபோனால் முதல் போர்வையை மடித்து வைத்துவிட்டு இரண்டாவதை எடுப்பேன். இரண்டாவதற்குப் பஞ்சு வராவிட்டால் மூன்றாவது. எதை எடுத்தாலும் அதை முடிக்க விடமாட்டார்கள். இறால் வந்திருக்கிறது, கூடையை எடு. வலை கிழிந்திருக்கிறது, ஒரு கை கொடு. கயிறு திரிக்க ஆள் இல்லை, வா. என் கணவர் பச்சைமுத்து கெட்டவர் இல்லை. என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அவர் செய்ததெல்லாம் கூப்பிட்டதுதான். ஒருநாள் காலையிலிருந்து எத்தனை தடவை கூப்பிடுகிறார் என்று எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு வரைக்கும் வந்தது. பிறகு கூப்பிட்டுவிட்டார், எண்ணிக்கை விட்டுப்போனது.

அவருடைய தங்கை ரங்கம்மாள் பக்கத்து வீடு. தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள். "இன்னா அண்ணி, உன் வூட்டுல எல்லாமே பாதி பாதியாவே கீது? சோறாச்சும் முழுசா வேவுதா?" என்பாள். நான் சிரிப்பேன். அவள் போன பிறகு ஊசியைத் தேடுவேன்.

ஐந்தாவது போர்வை யாருக்கும் இல்லை. கிடங்கில் சித்திரத் துணிகளை அளவு பார்த்து வெட்டும்போது ஓரத் துண்டுகள் விழும். ஒரு பூவின் பாதி, ஒரு பறவையின் வால், பெயர் தெரியாத ஒரு மரத்தின் கிளை. மீதிப் பாதி கப்பலேறிப் போய்விடும். நான் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி வருவேன். ஒரு துணியின் பறவைக்கு இன்னொரு துணியின் சிறகைச் சேர்ப்பேன். பொருந்தும் துண்டு கிடைக்கச் சில சதுரங்களுக்கு ஆறு மாதம் ஆனது. நான்கு வருஷத்தில் அறுபத்துநான்கு சதுரம் சேர்ந்தது. அவற்றை எட்டு எட்டாக இணைத்து எட்டு நீளப் பட்டைகளாக்கினேன். பட்டைகளை ஒன்றோடொன்று சேர்ப்பதுதான் மிச்சம். இரண்டு நாள் யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும். என் வாழ்க்கையில் நான் முழுதாக முடித்த ஒன்று அதுவாக இருந்திருக்கும்.

மடித்து வைத்தால் மடிப்பில் துணி நைந்துவிடும். அதனால் ஒவ்வொரு பட்டையையும் நீளவாக்கில் கயிறுபோல் இறுக்கிச் சுருட்டி, நார் போட்டுக் கட்டி, மூலையில் வளையமாக வைத்திருந்தேன். எட்டுச் சுருள்.

இனி சலங்கு என்கிற நம் படகைப் பற்றி. உங்களுக்குத் தெரியாதது இல்லை. கோட்டைக்காக எழுதிக்கொண்டிருக்கும் கணக்கப்பிள்ளைக்காகச் சொல்கிறேன். கடலில் நிற்கும் கப்பலுக்கு முகத்துவாரம் தாண்டிச் சரக்கு கொண்டுபோகும் நம் சலங்கில் ஆணி கிடையாது. பலகையைப் பலகையோடு நார்க்கயிற்றால் தைத்திருக்கும். இடுக்கில் தண்ணீர் வராமல் உள்பக்கம் நீளமாக அடைப்பு வைத்து, அதன்மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று துளை வழியாகக் கயிற்றை விடுவார், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து வாங்கித் திருப்பி விடுவார். எப்போதும் உள்ளே உட்காருகிற தருமனுக்குத் திருக்கை முள் குத்திக் கை வீங்கியிருந்தது. ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள்.

அதற்கு முந்தின நாள் என் கணவர், வைக்கோலும் நாரும் சேர்த்து அடைப்பு சுருட்டி வை என்று சொல்லியிருந்தார். நான் சரி என்றேன். நான்காவது போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன். அதை முடித்ததும் பொழுது சாய்ந்துவிட்டது. நாலும் முடிந்தது என்று அவரிடம் சொன்னேன். அடைப்பை மறந்துவிட்டேன். என்மேல் தவறு என்று சொல்வதானால் அது ஒன்றுதான்.

காலையில் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவர் சலங்கடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "மொத மொறையா சொன்ன வேலய முடிச்சி வச்சிக்கீறமே. இன்னா சோக்கா சுருட்டிக்கீற, கயிறு கணக்கா. அடிப் பலகைக்குப் பூரா சரியா வந்துட்சி" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பாராட்டியது அபூர்வம் என்பதால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

உள்ளே இறங்கி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். பலகைகளின் இடுக்கு நெடுகச் சிவப்பு தெரிந்தது. மரச்சுத்தியால் அடித்து இறக்கியிருந்தார். ஒரு பறவையின் கண் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கத்தவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் நின்ற அவரிடம், "இந்த அடைப்பு என் துணி" என்றேன்.

"இன்னாது?"

"நாலு வருஷமா தச்சது."

துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார். "அட, பாக்காம பூட்டேன்மே. இப்பப் பிரிச்சா வேற சுருட்ட இன்னொரு நாளு ஆவும். கப்பலு காத்துக்கினு கீது. தரகரு ரெண்டு தரம் ஆளு வுட்டுட்டாரு. வந்ததும் பிரிச்சி எடுத்துக்க, யாரு வேணாங்குறா? அலசுனா போச்சி. இந்தா, கயித்த வாங்கு."

வந்ததும் பிரித்து எடுத்துக்கொள்ளச் சொன்னது அவர்தான். இதைக் கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்ள வேண்டும்.

போர்வை தைக்கும்போது முதலில் நூலோட்டம் போடுவோம். மேல்துணியும் பஞ்சும் அடித்துணியும் நகராமல் இருக்கப் பெரிய பெரிய இழையாக ஓட்டுவது. நெருக்கித் தைத்த பிறகு ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அத்தனையும் கையோடு வந்துவிடும். துணிக்கு ஒரு சேதமும் இராது. நார்க்கயிற்றை இழுத்துத் தைத்தால் அப்படி இல்லை. ஒரு பருவம் கழித்து வெளியே எடுக்கும் அடைப்பைப் பார்த்திருக்கிறேன். மாடு மென்று துப்பியதுபோல் இருக்கும்.

அதனால் நூலோட்டம் போட்டேன். அவர் வெளியிலிருந்து இழுக்கும்போது உள்ளே கயிற்றுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். அவருக்குக் கயிறு விறைப்பாகத்தான் இருந்தது. அடுத்த துளைக்கு நகர்ந்ததும் கட்டையை உருவிவிடுவேன், உள்ளே கயிறு தளர்ந்துகொள்ளும். கடைசி முனையில் முடிச்சு போடவில்லை, செருகி வைத்தேன். மேலே ஓலைப்பாயை விரித்தேன். பகல் முழுக்க வேலை நடந்தது. அன்றைக்கு மட்டும் யாரும் என்னை நடுவில் கூப்பிடவில்லை. எடுத்த வேலையை முடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை சலங்கு போனது. அதில் எட்டுப் பேர். முகத்துவாரத்தில் இரண்டு அலை தாண்டியது, மூன்றாவதில் அடிப்பலகை திறந்துகொண்டது. கரையிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். சரக்கு மூட்டைகள் மேலே விழுந்ததால் நீந்தத் தெரிந்தவர்களாலும் முடியவில்லை. ஒருவரும் திரும்பவில்லை.

ஒதுங்கிய பலகையைத் தருமன் உங்களிடம் கொண்டுவந்தான். அறுந்த கயிற்றின் முனை பிசிறடித்திருக்கும், இந்தக் கயிறு உருவிக்கொண்டு வந்திருக்கிறது என்று காட்டினான். அவன் சொன்னது சரி. கெட்டிக்காரன்.

பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டு கரையோரமாக வடக்கே ஓடினார்கள். நானும் போனேன். நான் என் கணவரைத் தேடுகிறேன் என்று நினைத்தார்கள். ரங்கம்மாள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அண்ணன் மட்டும் இல்லை, புருஷன் பெருமாளும் அதே சலங்கில்தான் போனான். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இன்னொரு கையில் ஈரச் சுருள் ஒன்று இருந்தது. அவள் பார்க்கவில்லை.

எட்டுச் சுருளில் மொத்தம் ஐந்து கிடைத்தன. நான்காவது பெருமாளின் காலில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து எடுத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் என் கணவரைக் கொண்டுவந்தார்கள். அப்போது நான் வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டையை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பிழிந்து உதறிக் காயப்போட்ட பிறகு போனேன். கூப்பிட்ட உடனே எழுந்து போகாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

எட்டுப் பேரில் யாரோடும் எனக்குச் சண்டை இல்லை. கடல் கொஞ்சம் அடங்கியிருந்தால் சலங்கு போய்த் திரும்பியிருக்கும். நானும் முனையைப் பிடித்து இழுத்து என் துணியை எடுத்துக்கொண்டிருப்பேன். கயிறு தளர்ந்திருப்பதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவர் உளியை வைத்துக் குத்திப் பிரித்திருப்பார். துணி கிழிந்திருக்கும். இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரியவில்லை. தைக்காதவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம்தான்.

கடைசியாக ரங்கம்மாள் சொன்ன விஷயம். அதையும் மறுக்கவில்லை.

கப்பலுக்குப் போக வேண்டிய நான்கு போர்வைகளையும் அன்று அதே சலங்கில் அனுப்பச் சொல்லித் தரகர் கேட்டிருந்தார். நான் வெளியே வருவதற்குள் ரங்கம்மாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரக்கின்மேல் வைத்துவிட்டாள். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய் அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.

"ஏன் அண்ணி எறக்குற?" என்றாள்.

"ஓரம் மடிக்கணும்."

பெருமாள் துடுப்பில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "வுடு மச்சான், அக்கா ஓரம் மடிக்கறதுக்குள்ள கப்பலு அவுங்க ஊருக்குப் போய் வந்துடும்." எல்லோரும் சிரித்தார்கள்.

என் கணவர் சிரிக்கவில்லை. "முடிஞ்சதுன்னு முந்தாநேத்தே சொன்னியேமே" என்றார்.

"இல்ல. இன்னும் கீது" என்றேன்.

இவளை என்ன செய்வது என்பதுபோல் ஒரு தரம் தலையை ஆட்டினார். பிறகு தள்ளச் சொன்னார்.

மூட்டையை அவிழ்த்து நீங்களே பாருங்கள். நான்கிலும் போட வேண்டிய தையல் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் பஞ்சு வைத்தது ஒரு தடவை தண்ணீரில் ஊறினால் கட்டிதட்டிப்போகும், எவ்வளவு வெயிலில் போட்டாலும் பழையபடி வராது. நனைந்துவிடுமே என்றுதான் இறக்கினேன்.