சீல் உடையாத பெட்டி

எங்கள் அறையில் ஆறு நாற்காலிகள். ஐந்து சுவரைப் பார்த்தவை, ஒன்று ஜன்னலைப் பார்த்தது. கதவைத் திறக்கும்போதே எல்லோருக்கும் கண் அந்த ஜன்னலோர நாற்காலிக்குத்தான் போகும். இரண்டு மணி நேரம் கையில் ஊசியோடு உட்கார வேண்டியவர்களுக்கு ஒரு மரமும் நாலு காக்கையும் தெரிந்தால் அதுவே சொர்க்கம். அதை யாருக்குக் கொடுப்பது என்பதை நான்தான் முடிவு செய்தேன். தையல்காரி எப்படிச் செத்தாள் என்றுதான் நீங்கள் கேட்டீர்கள், நாற்காலியைப் பற்றிக் கேட்கவில்லை. இருந்தாலும் அங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

நாங்கள் ஏற்றுவது சாதாரண குளுக்கோஸ் இல்லை. உடம்பு தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துக் கடித்துத் தின்கிற வியாதி இருக்கிறதே, அதை அடக்குகிற மருந்து. குப்பியில் பொடியாக வரும். தண்ணீர் விட்டபின் குலுக்கக் கூடாது, குப்பியை மெதுவாகச் சுழற்ற வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆகவே ஒவ்வொரு முறையும் ஆளை நிறுத்தி எடை பார்க்க வேண்டும். "போன தடவை எடையையே போட்டுக்குங்க சிஸ்டர்" என்பார்கள். போன தடவை வயிற்றோடா வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுத் தராசில் ஏற்றுவேன். முதல் கால் மணி நேரம் சொட்டு மெதுவாக, பிறகு படிப்படியாக வேகம். முடிந்தபின் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு. பதினோரு வருடத்தில் என் கையால் ஒரு துளி அளவு பிசகியதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு மேலே ஒரு மூட்டு டாக்டர் இருந்தார். கதவில் அவர் பட்டங்களுக்கே இரண்டு வரி. காலையில் வருவார், "எல்லாம் ஓகேயா?" என்று கதவைப் பார்த்துக் கேட்பார், கதவு ஓகே என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். நோயாளிகள் அவருக்குக் கும்பிடு போட்டார்கள். எனக்குச் சிரிப்பாக வரும்.

சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி மாட்டியிருக்கும். மருந்து ஒத்துக்கொள்ளாமல் மூச்சு அடைத்தால் தொடையில் போடுகிற ஊசி அதற்குள். மூடியில் எண் போட்ட சீல். காலாவதியான மருந்தை மாற்ற மருந்தகத்துக்காரர் வந்து திறந்து புது சீல் போடுவார், அது வேறு. ஆபத்துக்கென்று உடைத்தால் எத்தனை மணிக்கு, எதற்கு, யார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். பக்கத்து வார்டில் மாதம் ஒரு தடவை உடைப்பார்கள், ஏதோ தேங்காய் உடைக்கிற மாதிரி. என் அறையில் ஒருமுறைகூட உடைந்ததில்லை. பதிவேட்டில் 'எதிர்வினை' என்று ஒரு கட்டம் உண்டு. பதினோரு வருடமாக அதில் பூஜ்யம். நிர்வாகி மற்ற வார்டுக்காரர்களை அழைத்துவந்து அந்தப் பக்கங்களைக் காட்டுவார்.

எப்படி என்று கேட்கிறீர்கள். எல்லோருக்கும் எல்லாம் ஒத்துக்கொள்ளாது. ஒருவருக்கு முகம் சிவக்கும், ஒருவருக்கு முதுகு அரிக்கும். சொட்டைக் குறைப்பேன், ஒரு மாத்திரை, கொஞ்சம் வெந்நீர், அரை மணியில் அடங்கிவிடும். அடங்கிப்போனதை எதற்கு எழுதுவது? வீட்டில் பால் பொங்கி வழிந்தால் துடைத்துவிடுகிறோம், யாராவது பேப்பரில் போடுகிறார்களா?

நோயாளிகளும் பழகிக்கொண்டார்கள். அங்கே அரிக்கிறது, இங்கே இழுக்கிறது என்று புலம்புகிறவர்களை அடுத்த முறை கழிப்பறைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைப்பேன். வாயை மூடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஜன்னல். நான் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்லாமலே ஆறு பேருக்கும் புரிந்துவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் அறையில் அந்தப் பழமொழி செல்லாது.

தையல்காரி முதன்முதலில் வந்தபோது கரண்டி பிடிக்கவே கை வரவில்லை. விரல்கள் இஞ்சித் துண்டு மாதிரி வீங்கி வளைந்திருந்தன. மகள் சோறு பிசைந்து ஊட்டுகிறாள் என்று சொல்லி அழுதாள். அழுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஆனால் அவள் சீக்கிரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது முறை வந்தபோது பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து, என் கண் முன்னால் ஒரே தடவையில் கோத்துக் காட்டினாள்.

"பாத்தீங்களாக்கா? இது நீங்க குடுத்த விரல்."

டாக்டர் கொடுத்தது என்று அவள் சொல்லவில்லை. கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து ஜன்னல் அவளுக்குத்தான். இடது கையில் மருந்து இறங்கும். வலது கையால், மடியில் விரித்த சட்டைக்குப் பித்தான் தைப்பாள். என் சீருடைக்குக்கூடத் தைத்தாள், இதோ இந்த இரண்டாவது பித்தான்.

பிறகு வெளியூரில் மகளுக்குப் பிரசவம் என்று போனவள் ஏழு மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது விரல்கள் மறுபடி மடங்கியிருந்தன. இந்த மருந்தில் ஒரு குணம் உண்டு. தொடர்ந்து வாங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும். நடுவில் பல மாதம் விட்டுவிட்டு மறுபடி ஏற்றினால், ஊரைவிட்டு ஓடிப்போய்த் திரும்பிவந்த மருமகனைப் பார்க்கிற மாதிரி பார்க்கும். உள்ளே விடலாம், விடாமல் அடிக்கவும் செய்யலாம். இடைவெளியை டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. நான் தாளை நீட்டினேன், அவர் கையெழுத்துப் போட்டார். தேதியைப் படிக்கக் கண் இருந்ததே அவருக்கு.

அன்று பாதி ஏறும்போது அவள் காதைச் சொறிந்தாள். பிறகு தொண்டையைத் தடவினாள்.

எனக்கு உதவிக்கு ஒரு சின்ன நர்ஸ் இருந்தாள். நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லோருடைய நாடியையும் பிடிப்பாள். கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தேன். கடிகாரம்தான் ஓடிவந்து என்னம்மா பண்ணுது என்று கேட்டாள்.

"தொண்டையில நூல் சிக்கின மாதிரி இருக்கும்மா."

"சிஸ்டர், இதை எழுதணும். டாக்டரைக் கூப்பிடணும்."

"எழுது," என்றேன். "டாக்டர் மருந்தை நிறுத்திடுவார். நாளையிலிருந்து இவங்க வீட்டு மிஷினை நீ போய் மிதி."

தையல்காரி என் முகத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா, வெயில்ல வந்தது," என்று கடிகாரத்திடம் சொன்னாள். நான் சொட்டைக் குறைத்தேன், மாத்திரை கொடுத்தேன், அடங்கியது. கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். கடிகாரம் தன் சொந்த நோட்டில் அதையெல்லாம் எழுதிவைத்திருந்தாள் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். உங்கள் மேசையில் இருக்கிறதே, அதுதானே? கையெழுத்து நன்றாக இருக்கிறது. புத்திதான் போதாது.

போகும்போது தையல்காரி மெதுவாகக் கேட்டாள்.

"இது ஒத்துக்கலன்னா வேற மருந்து ஏதாச்சும் இருக்காக்கா?"

"இல்ல," என்றேன்.

இருக்கிறது. அப்போதே மூன்று இருந்தன. ஆனால் மருந்தை மாற்றினால் எதற்காக மாற்றினோம் என்று அந்தக் கட்டத்தில் எழுதியாக வேண்டும். நான் ஓய்வு பெற ஐந்து வாரம் இருந்தது. வழியனுப்பு விழாக் கேடயத்தில் என்ன பொறிக்கலாம் என்று நிர்வாகி என்னிடமே கேட்டிருந்தார். 'பதினோரு ஆண்டுகள், ஒரு எதிர்வினையும் இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பித்தளையில் வெட்டியதை அழிக்க முடியாது. அதோடு, பழகின மருந்தில் அவளுக்கு விரல் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் நன்மைக்குத்தான் சொன்னேன். பொய் என்று எழுதிக்கொள்ள வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடி வந்தாள். எடை பார்த்தேன், ஐம்பத்தெட்டு. காய்ச்சல், இருமல், புண் எதுவும் இல்லை. விரல்கள் நன்றாகவே நிமிர்ந்திருந்தன. பேரனுக்குச் சட்டை தைக்கிறேன் என்று துணியை எடுத்துக் காட்டினாள், உள்ளங்கை அகலம்தான் இருந்தது. ஜன்னல் நாற்காலியில் உட்காரவைத்தேன். எதிர்வினை வராமல் இருக்க முன்னாலேயே கொடுக்கிற ஊசி ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தாய் என்று கேள்வி வரும். கொடுக்கவில்லை.

பத்தாவது நிமிடம் பித்தான் கீழே விழுந்தது. உருண்டு என் காலடிக்கு வந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது அவள் உதடு தடித்திருந்தது. சொட்டை உடனே நிறுத்தினேன். கவனியுங்கள், உடனே. நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தினேன், ஆக்ஸிஜன் வைத்தேன். எல்லாம் முறைப்படிதான். கடிகாரம் சுவரை நோக்கிப் போவதைப் பார்த்தேன். அவளை முந்திக்கொண்டு பெட்டியை நானே இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"சிஸ்டர், பெட்டியைக் குடுங்க."

"பொறு. அடங்கிடும்."

"மூச்சு சத்தம் மாறுது சிஸ்டர்."

"எனக்குக் காது இருக்கு."

என் கட்டைவிரல் சீல்மேல்தான் இருந்தது. பிளாஸ்டிக் அது, தீக்குச்சியை உடைக்கிற பலம் போதும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் பார்ப்போம் என்று நினைத்தேன். பிறகு இன்னொன்று. பதினோரு வருடத்தில் எத்தனை பேருக்கு அடங்கியிருக்கிறது, இவளுக்கும் அடங்க வேண்டியதுதானே. அந்தச் சின்ன நர்ஸ் அடித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்து வார்டுக்கு ஓடியது. அந்த வார்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, சீலைப் பல்லால் கடித்து உடைத்து, தொடையில் ஊசி போட்டது. அதற்குள் ஆறு நிமிடம். மூட்டு டாக்டர் வந்தபோது பதினைந்து. அவர் கதவைப் பார்க்கவில்லை, அன்றைக்குத்தான் முதல் தடவையாக நோயாளியைப் பார்த்தார். பார்த்து என்ன?

ஆக, என் பெட்டியின் சீல் உடையவில்லை. நீங்களே சரிபார்க்கலாம், அதே எண்தான் இருக்கும்.

அந்த ஆறு நிமிடம் அவள் என்ன செய்தாள் என்று கேட்டீர்கள். நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. வலது கையைத் தூக்கி என் மடியில் இருந்த பெட்டியைக் காட்டினாள். சுட்டுவிரல் துளி வளைவில்லாமல் நேராக நீண்டிருந்தது. மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் வாய் திறந்து அவள் கேட்கவில்லை. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உடைத்திருப்பேன்.