புள்ளி வைக்காத அக்கா

புள்ளி வைக்காமல் எழுதுகிறவர்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது, ஐயா. என் கூடப்பிறந்த அக்காவே அந்த ரகம்தான். செல்போனில் புள்ளி எங்கே இருக்கிறதென்று தேட அவளுக்குப் பொறுமை இல்லை. 'அக்கா' என்பதையே 'அககா' என்றுதான் அனுப்புவாள். படித்தால் விக்கல் எடுத்த மாதிரி இருக்கும்.

நான் இணையக் கண்காணிப்பு அலுவலகத்தில் மொழிப் பிரிவு. அரசாங்கத்துக்குப் பிடிக்காத சொற்களைத் தடுப்பது வேலை. ஒருநாள் மேலதிகாரி கூடுதலாக ஒன்று கேட்டார். மக்களின் கடிதங்களைக் காட்ட மறுக்கும் ஒரு மின்னஞ்சல் கம்பெனிக்குள் திருட்டுத்தனமாக நுழைய வேண்டும். எங்கள் ஆட்கள் அங்குள்ள ஊழியர்களுக்குச் சொந்தக்காரர்கள் பெயரில் போலிக் கடிதங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். இலக்கணம் சுத்தம், சந்தி சுத்தம். ஒருவனும் திறக்கவில்லை. எந்த வீட்டு மனைவி சந்திப்பிழை பார்த்துக் கணவனுக்கு எழுதுகிறாள்?

அந்தக் கம்பெனியில்தான் அக்கா வீட்டுக்காரர் வேலை பார்த்தார். அக்கா பெயரில் நானே எழுதினேன்: 'பாபபாவுககு காயசசல. மருநதுச சீடடு பாருஙக.' மாமா ஒரு நொடி யோசிக்கவில்லை. சீட்டு என்று நாங்கள் இணைத்திருந்த கோப்பைத் தொட்டார், கம்பெனி முழுக்க எங்களுக்குத் திறந்துகொண்டது. அவர் நல்ல அப்பா. அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கடிதங்களைப் படித்து நிறையப் பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். நுழைந்த வழி வெளியே தெரியக் கூடாதென்று மாமாவையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போனார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்துச் சொல்லியிருப்பேன்.

அக்கா இணையத்தில் எழுத ஆரம்பித்தாள். 'என புருஷன எஙகே?' காணாமல்போனவர்களைத் தேடும் வரிகளை நாங்கள் ஏற்கெனவே தடுத்திருந்தோம், ஆனால் புள்ளியோடு. அவள் எழுதியது சல்லடையில் சிக்காமல் ஊரெல்லாம் சுற்றியது. மேலதிகாரி நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்கினார். மறுநாளே புள்ளியில்லாத சொற்களையும் சேர்த்தேன். அதன்பிறகு அவள் எழுதியது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

அக்கா என்னிடமே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் தப்புத் தப்பா எழுதுறதாலதான் போக மாட்டேங்குதோ, தம்பி? அந்தப் புள்ளி எங்கடா இருக்கு?"

பக்கத்தில் உட்காரவைத்து, விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தேன். இப்போது பிழையே இல்லாமல் எழுதுகிறாள். எல்லாம் நேராக என் மேசைக்குத்தான் வருகிறது. ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்த பிறகே அழிக்கிறேன், ஐயா. வேறு யார் கையிலும் விடுவதில்லை. கூடப்பிறந்தவள் இல்லையா?