இன்னும் ஒரு சுத்து

"ஹலோ... ஆங், கேக்குது பாப்பா, சொல்லு... கடையிலதான் நிக்கிறேன்... ஆமா, சைக்கிள் கடைதான்... ஸ்டாண்டுல மாட்டிப் பாத்துக்கிட்டிருக்காரு... ஆமா... ஆமாம்மா... பாத்துட்டுத்தானே சொல்லுவாரு, நம்ம அவசரத்துக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

பாப்பாவுக்கு முப்பத்துநாலு வயது. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் எட்டு மணி நேரம் நிற்பதற்கு முன்னால், விடியும்போதே எழுந்து சைக்கிள் மிதித்துவிட்டு வருகிறவள். ஞாயிற்றுக்கிழமை இருநூறு கிலோமீட்டர் பந்தயம். இரண்டு வருஷமாக அதற்காகத்தான் மிதித்தாள். ஆனால் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். அப்பா போன பிறகு பள்ளிக்கூடம் சேர்த்ததிலிருந்து காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போட்டது வரை எல்லாம் அவர் செய்தது. அந்த உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, அவளைக் கட்டிக்கொண்டவருக்கும்கூட.

"என்ன சொல்றாருன்னா... அது... கீழ்க் குழாய் இருக்கில்ல, ஹேண்டில்லருந்து பெடலுக்குச் சாஞ்சு வருமே, அதுல... லேசா... ஆமா, விரிசல்... சீச்சீ, உடையலைம்மா, யாரு உடைஞ்சதுன்னு சொன்னது? நசுங்கியிருக்கு. கார் மேல கேரியர் கை கவ்வுதில்ல, அந்த இடத்துல நசுங்கி, ஒரு கோடு... ஒரு விரல் நீளம்... சரி, ரெண்டு விரல்னு வச்சுக்கோ... ஏய், அழுறியா? அழாத. பக்கத்துல ஆள் இருக்காங்களா? அழாத பாப்பா."

மெக்கானிக் ஒரு நாணயத்தை எடுத்து ஃப்ரேமைத் தட்டிக்கொண்டே வந்தார். மேல் குழாயில் டிங், டிங் என்று கேட்டது. கீழ்க் குழாயில் கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் சத்தம் செத்து, டொக் என்றது. இருபத்தாறு வருஷமாகப் பைப்பைத் தட்டித் தட்டியே பிழைக்கிற பிளம்பர் அண்ணனுக்கு அந்த டொக்கின் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார்.

"கேட்டேன், கேட்டேன். அதைத்தான் முதல்ல கேட்டேன். இரும்பா இருந்தா பத்தவச்சுக் குடுத்துடலாமாம். இது கார்பன்... ஆமா, உனக்குத் தெரியாததா... அந்த இடத்தைச் சுரண்டிட்டு, கார்பன் துணிய சுத்தி, பசை ஊத்திக் காய வைக்கணுமாம். மூணு வாரம்... மூணு வாரம்மா, நாள் இல்ல... புது ஃப்ரேமா? உன் அளவு சின்ன அளவாம், வரவழைக்கணுமாம், ஒரு மாசத்துக்கு மேல ஆகும்ங்கிறாரு... ஞாயித்துக்கிழமை எனக்குத் தெரியாதா? நான் என்ன மறந்தா போயிட்டேன்? கடையில ஒரு இரும்பு சைக்கிள் நிக்குது, உன் உயரத்துக்கு ஆகுமான்னு... சரி, சரி, கோவிச்சுக்காத. சும்மா கேட்டேன்."

அவளுடைய மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. எதிர்முனையில் ஆள் பேசாமல் இருந்தால் அண்ணனுக்கு ஆகாது. எங்கேயாவது கசிகிறது என்று நினைத்துக்கொள்வார். உடனே எதையாவது வைத்து அடைத்தாக வேண்டும்.

"காலையிலயே எனக்கு மனசு சரியில்ல பாப்பா. உன் வீட்டுக்காரரு நின்ன நிலையைப் பாத்தப்பவே நினைச்சேன். சைக்கிளை மேல தூக்கணும், நான் மூச்சு முட்டத் தூக்குறேன், துரை ஒத்தக் கையால பின் சக்கரத்தைத் தொட்டுக்கிட்டு நிக்கிறாரு. இன்னொரு கை பாக்கெட்டுக்குள்ள! கலெக்டர் பார்வையிட வந்த மாதிரி... இல்ல, நான் பொய்யா சொல்றேன்? எப்பவும் அப்படித்தானே. உன் கல்யாணத்துலயே மாலையை ரெண்டு விரலால பிடிச்ச ஆளு... சரி, அதை விடு. பழசை எடுக்கல... எடுக்கலன்னு சொல்றேன்ல!"

உண்மையில் அன்று காலை நடந்தது மிகச் சின்ன விஷயம். பந்தயத்துக்கு முன்னால் சைக்கிளை ஒரு தடவை கடையில் காட்டிவிடலாம் என்று கார் கூரையில் ஏற்றினார்கள். கேரியரின் கை, சைக்கிளின் கீழ்க் குழாயைக் கவ்விப் பிடிக்கும். அதற்கு ஒரு திருகு உண்டு. போதுமான அளவு இறுகியதும் அது டக் என்று ஒரு சத்தம் கொடுத்துச் சும்மா சுற்றும். அதோடு விட்டுவிட வேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது. மாப்பிள்ளைகூட, டக் சத்தம் வந்திருச்சு மச்சான், போதும் என்றார். ஆனால் பிளம்பர் காதுக்கு அது மரை தேய்ந்து நழுவுகிற சத்தம். காரின் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ரெஞ்சை எடுத்தார். திருகுக்குக் கீழே இருந்த தண்டைக் கவ்வி இன்னும் ஒரு சுத்து சுற்றினார். அப்புறம் மனசு கேட்காமல் இன்னும் ஒரு சுத்து. அவர் வேலை செய்த வீடுகளில் குழாய் சொட்டாது. ஆனால் திறக்க இரண்டு ஆள் வேண்டும்.

கடையில் கேரியர் கையை விடுவித்தபோது கோடு தெரிந்தது. அண்ணன் முதலில் கூப்பிட்டது தங்கையை அல்ல, மாப்பிள்ளையை. ஃப்ரேம் போச்சு, நீங்களே பக்குவமா சொல்லிடுங்க, எனக்கு வேலை இருக்கு என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். ஊர் முழுக்க அடைப்பு எடுக்கிற மனிதருக்கு, நான்தான் இறுக்கினேன் என்ற ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையில் அடைத்துக்கொண்டது.

"ஆமா, நான்தான் அவரை முதல்ல கூப்பிட்டேன். நீ கவுண்டர்ல கூட்டத்துல இருப்பியேன்னுதான்... சொன்னாரா? ம்... என்ன சொன்னாரு?... என்னது?... யாரு?... இரு, திருப்பிச் சொல்லு."

தெருவில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அண்ணன் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டார்.

"அவருதான் இறுக்கினேன்னு சொன்னாரா?... அவரே சொன்னாரா?... ஓ."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அண்ணனுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. மாப்பிள்ளை ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசித்திருக்கலாம். அண்ணனும் தங்கையும் பந்தய வாரத்தில் முறைத்துக்கொள்ள வேண்டாம் என்று அந்த மனிதர் நினைத்திருப்பார் என்பது ஒரு நிமிஷம் நின்று யோசித்தால் புரிகிற விஷயம்தான். அண்ணன் நிற்கவில்லை. விழுந்த பழத்தை எடுத்துத் தின்றார்.

"அதான் பாப்பா, நானா வாயத் திறந்து சொல்ல வேண்டாம்னு இருந்தேன். புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் எதுக்கு... ஆமா... ஆமா, அவருதான். நான் சொன்னேன், டக்குனு சத்தம் வந்திருச்சு மாப்பிள்ளை, போதும், விட்டுடுங்கன்னு. கேட்டாத்தானே! சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்... எங்க நின்னாரா? கார் பக்கத்துலதான். இந்தப் பக்கம், டிரைவர் சீட்டுப் பக்கம்... நானா? நான் அந்தப் பக்கம் சக்கரத்துக்கு பெல்ட் போட்டுக்கிட்டிருந்தேன்... எதால இறுக்கினாருன்னா... என் ரெஞ்சாலதான். சீட்டுக்கு அடியில கிடந்துச்சு, எடுத்துக்கிட்டாரு... பெரிய ரெஞ்சுதான், ஆமா, அந்தச் செவப்பு."

மெக்கானிக் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். காரின் மேல் எட்டி, கேரியர் தண்டில் பதிந்திருந்த ரெஞ்சின் பல்தடங்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கார்க் கண்ணாடி வழியே, டிரைவர் சீட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த சிவப்புப் பிடியைப் பார்த்தார். பிறகு அண்ணனின் கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். கேள்வி கேட்டிருந்தால்கூட அண்ணனுக்கு இவ்வளவு மோசமாக இருந்திருக்காது.

"எத்தனை கேள்விடி கேப்ப? நான் என்ன கோர்ட்டுலயா நிக்கிறேன்?... எந்தக் கையாலன்னா? வலது கையாலதான். ரெஞ்சை வேற எந்தக் கையால பிடிப்பாங்க? நல்லா வலது கையால இறுக்கிப் பிடிச்சு, ஒரு காலை டயர்ல ஊனிக்கிட்டு, முக்கி முக்கி ரெண்டு சுத்து... என் கண்ணால பாத்தேன். என் ரெண்டு கண்ணால பாத்தேன்னு சொல்றேன்... ஆமா."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அண்ணனுடையது எட்டு நிமிஷம்கூட ஓடவில்லை.

"...ஹலோ? பாப்பா?... கேக்குதா? ஏன் பேச மாட்டேங்கிற?... ஆங்... என்ன?... வலது கைக்கு என்ன?"

லாரி போய்விட்டது. இப்போது அவள் குரல் தெளிவாகக் கேட்டது. அழுகை அதில் இல்லை. மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுகிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அந்த... பிரஸ்ல, பேப்பர் வெட்டுற மெஷின்ல... ஆமா, தெரியும், ரெண்டு மாசம் முன்னாடி, நீ போன் பண்ணிச் சொன்னியே... கட்டுப் போட்டிருந்தாருல்ல. அது அப்பவே ஆறிடுச்சுன்னு... இல்லையா?... மூணு விரல் நரம்பா?... மூணு விரலும்?... மடக்கவே முடியாதா? இப்பவுமா?... சட்டைப் பொத்தான்... நீதான் போட்டு விடுறியா... தினமுமா?... டம்ளர் பிடிக்க முடியாதுன்னா, அப்ப... அதனாலதான் பாக்கெட்டுல..."

அவர் காரின் மேல் கை ஊன்றிக்கொண்டார். காலையில் பார்த்த காட்சி கண்முன்னே வந்தது. ஒத்தக் கையால் பின் சக்கரத்தை ஏந்தி நின்ற மனிதர் நெற்றியில் வேர்வை. அந்த வேர்வையையும் பார்த்தார்தான். சோம்பேறிக்கு இவ்வளவு வேர்வையா என்று மனசுக்குள் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

"எனக்கு யாரும் சொல்லல பாப்பா... நீ சொல்லியிருக்கலாம்ல?... கேட்டாத்தானே சொல்றதுக்குன்னா... நான் கேட்கலதான்... வரலதான், ஆமா. அப்ப அந்த பத்து மாடிக் கட்டட வேலை, ஒரு நாள் விட முடியல... ஆஸ்பத்திரி பக்கம்தான், தெரியும்... நீ வேலை பாக்குற ஆஸ்பத்திரியேதான், தெரியும்டா... பதினொரு நாள் இருந்தாரா?... ரெஸ்ட் எடுக்கச் சொல்லி மெசேஜ் போட்டேனே... ஆமா, அது மட்டும்தான்... ஆமா."

உள்ளே மெக்கானிக் மறுபடி நாணயத்தால் தட்டிக்கொண்டிருந்தார். எங்கே வரைக்கும் கெட்டிருக்கிறது என்று அளந்து, வெள்ளைச் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். நினைத்ததைவிட நீளமாகவே போட்டார்.

"பாப்பா, நான் சொல்றதைக் கேளு. அந்த ரெஞ்சு... அது வந்து, நான்தான்... தெரியுமா?... எப்போ தெரியும்?... அவரு சொன்ன உடனேவா? அப்ப எதுக்கு அவ்ளோ நேரம் எங்க நின்னாரு, எந்தக் கைன்னு... ஓ... நானே சொல்லுவேன்னு..."

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தார். வாசல் படியில் எண்ணெய்க் கறை இருந்தது. அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"சைக்கிள் போனா போகட்டுமா? இல்லம்மா, அப்படிச் சொல்லாத, ராத்திரி பகல்னு மிதிச்சே. நான் இன்னைக்கே எங்கயாவது விசாரிச்சு... வேண்டாமா?... அவரு யார்கிட்டயோ கேட்டுட்டாரா? அதுக்குள்ளயா?... யாரோட சைக்கிள்?... சரி... சரிம்மா. ஞாயித்துக்கிழமை காலையில நான் கார் எடுத்துட்டு... ம்... பஸ்லயா?... சைக்கிளை எப்படி பஸ்ல... சரி. சரி, ரெண்டு பேருமே பாத்துக்குவீங்க. நான் ஓரமா நின்னு பாத்துட்டாவது... சரி, வரல. வரலைன்னு சொல்லிட்டேன்ல."

இதுவரைக்கும் அவள் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவர் பதிலுக்குத் திட்டி, இரண்டு பேரும் கத்தி ஓய்ந்து, சாயங்காலம் சரியாகியிருக்கும். அந்த வழி அவருக்குப் பழக்கம். இந்த வழி தெரியவில்லை.

"இருக்கேன். கேளு... என்ன கேக்கணும்னாலும் கேளு பாப்பா, இனிமே மறைக்கல... ம்... ம்..."

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இந்த ரெண்டு மாசத்தில் எத்தனை தடவை வீட்டுக்கு வந்திருப்பாய், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாய், அவர் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவதை நீ நிஜமாகவே பார்த்ததில்லையா என்று கேட்டாள்.

அண்ணன் யோசித்தார். அவள் சமைத்தது ஞாபகம் இருந்தது. அவள் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டியதும், அதை இறுக்கிவிட்டு வந்ததும்கூட ஞாபகம் இருந்தது.

"பாக்கல பாப்பா... சத்தியமா... நான் அவரைப் பாக்கவே இல்ல."

அந்தப் பேச்சு முழுக்க அவர் தன்னைப் பற்றி முழுசாகச் சொல்லி முடித்த ஒரே உண்மை அதுதான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் போனை வைத்தாள்.